மகஜர் என்றால் வந்து நிற்பது

கடந்த ஓராண்டில் எத்தனை மகஜர்களில் ஒப்பமிட்டிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சுபஹ் தொழுதுவிட்டு வந்து தேநீரோடு உட்காரும்போதே கைத்தொலைபேசி சிணுங்கத் தொடங்கிவிடும். பழைய மாணவர் சங்கக் குழு, இலக்கிய வட்டக் குழு, மஹல்லாக் குழு, குடும்பக் குழு என்று எல்லாவற்றிலும் ஒரே இணைப்பு வந்து கிடக்கும். கீழே ஒரு வரி: "அவசரம். இன்னும் சில ஆயிரம் பேர்தான் தேவை. ஒப்பமிட்டுப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்." நானும் பெயரை அடிப்பேன். மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பேன். பத்துப் பேருக்கு அனுப்புவேன். சமூகத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு மீதித் தேநீரைக் குடிப்பேன். அந்த மகஜர் யாருக்கு எழுதப்பட்டது, அவர் கைக்குப் போனதா, போன பின் என்ன நடந்தது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

குற்றச்சாட்டை என்னிலிருந்தே தொடங்குகிறேன். இக்கட்டுரையில் நான் சாடப்போகிறவர்களில் முதலாமவன் நானே.

சென்ற வருடம் என் மருமகள், தங்கச்சியின் மூத்த மகள், தன் பல்கலைக்கழகத் தோழிகள் மூவரோடு சேர்ந்து ஓர் இணையத்தளத்தை ஆரம்பித்தாள். எங்கள் கரையோர ஊர்களின் பிரச்சினைகளுக்கு ஊர் மக்களே மகஜர் எழுதி ஒப்பம் திரட்டுவதற்கான தளம் அது. பின்னால் கட்சியும் இல்லை, புரவலரும் இல்லை. நான்கு பிள்ளைகளின் கைக்காசும் இராவிழிப்பும் மட்டும்தான். முதலாவது மகஜர் எங்கள் ஊர் மையவாடியைப் பற்றியது. கடலரிப்பு வருடா வருடம் நெருங்கி வந்து, கிழக்கு மதிலைக் கடைசியில் விழுத்திவிட்டது. அந்தப் பக்கத்துக் கடைசி வரிசைக் கபுறுகளுக்கும் அலைக்கும் இடையே இப்போது இருப்பது சில அடி மணல். என் வாப்பா கிடப்பது அதற்கு மூன்றாவது வரிசையில்.

"மாமா, நீங்க ஒருக்கா உங்கட முகநூல்ல போட்டு உடுங்களன். உங்களுக்கு எழுத்தாளர் கூட்டம் நெறய இரிக்கே" என்றாள்.

போட்டேன். வட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். எமது மாதாந்த இலக்கியச் சந்திப்பிலும் எழுந்து நின்று சொன்னேன். அங்கே இரண்டு விதமான பதில்கள் கிடைத்தன. இந்தக் கட்டுரைக்கு அந்த இரண்டு பதில்களும்தான் காரணம்.

மூத்த எழுத்தாளர் ஒருவர் சிரித்தார். "விரல் நுனியில போராட்டமா? நாங்கள் எழுபதுகளில் இரவிரவாகச் சுவரொட்டி ஒட்டின ஆக்கள். கதிரையில் சாய்ந்துகொண்டு சமூகத்தைத் திருத்தப் போகிறீர்களா?" என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்போது ஒரு இளம் கவிஞர் எழுந்து, "சேர், காலம் மாறிட்டு. ஷெயார் கூடக் கூட அமைச்சரே இறங்கி வருவார். எண்ணிக்கைதான் இப்ப பலம்" என்றார். அவருக்கும் கைதட்டல் கிடைத்தது.

இரண்டு பேருமே பிழை என்று அன்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

மகஜர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலாளரிடம் மகஜர் கையளிப்பு, அமைச்சருக்கு மகஜர் என்று எமது பத்திரிகைகள் நாளாந்தம் எழுதும் சொல் இது. 'மஹ்ழர்' என்ற அரபுச் சொல் பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் போய், அரச கருமங்களின் வழியாகத் தமிழுக்கு வந்தபோது மகஜர் ஆயிற்று. அதன் வேர் 'ஹழர', அதாவது சமுகமளித்தல். மத்ரஸாவில் இடாப்புக் கூப்பிடும்போது "ஹாழிர்" என்று குரல் கொடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீதிமன்றத்தில் ஆஜராவது என்கிறோமே, அந்த 'ஆஜர்' கூட அதே 'ஹாழிர்'தான். ஆகவே மகஜர் என்பது வெறும் கடதாசியோ பெயர்ப்பட்டியலோ மட்டுமாக இருந்ததில்லை. பலர் நேரில் வந்து நின்று, இதற்கு நாங்கள் சாட்சி என்று தம் பெயரை இட்ட பத்திரம்தான் மகஜர். வந்து நிற்பது முதலில். ஒப்பம் அதற்கு அடையாளம்.

இந்தப் பொருளில் மகஜர் எழுதத் தெரிந்த சமூகமாக நாம் ஒரு காலத்தில் இருந்தோம். 1905 மே மாதம் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் ஆஜரானபோது, பிரதம நீதியரசர் லயார்ட் அதை அனுமதிக்கவில்லை. ஆஜராக விடாத ஒரு மனிதனுக்காக ஒரு சமூகம் ஆஜரான கதை அது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோர் முன்னின்று உழைத்தார்கள். அவ்வருடம் டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் மாபெரும் கூட்டம் கூடியது. முறையீடுகள் எழுதப்பட்டன. இறுதியில் தொப்பி நீதிமன்றத்துக்குள் போயிற்று. கவனியுங்கள்: அங்கே ஒரு தெளிவான கோரிக்கை இருந்தது. அதை நிறைவேற்றக்கூடிய ஆள் யார் என்று தெரிந்திருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். எழுதியதற்குப் பின்னால் ஒரு வளவு நிறைய மனிதர்கள் வந்து நின்றார்கள்.

நூற்றுப் பதினைந்து வருடம் கழித்து எமக்கு நேர்ந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காயம் இன்னும் ஆறவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

2020 மார்ச் இறுதியில் கொவிட் தொற்றினால் மௌத்தான முதலாவது முஸ்லிமின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதி எரிப்பதை மட்டுமே கட்டாயமாக்கும் வர்த்தமானி வந்தது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் ஏற்கனவே சொல்லியிருந்தது. அந்த மாதங்களில் எங்கள் கைத்தொலைபேசிகளுக்கு இணைய மகஜர்கள் மழைபோல வந்தன. நான் எல்லாவற்றிலும் ஒப்பமிட்டேன். எனக்கு வந்தவை அநேகமாக ஆங்கிலத்தில் இருந்தன. ஓரிரண்டு தமிழில் இருந்தன. சிங்களத்தில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. அடக்கினால் நிலத்தடி நீர் கெடும் என்ற அச்சம் ஊட்டப்பட்டிருந்த எங்கள் சிங்களச் சகோதரனுக்கு அவனுடைய மொழியில் ஒரு வரி சொல்லாமல், ஏற்கனவே அழுதுகொண்டிருந்த எமக்குள்ளேயே அந்த இணைப்புகளைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். எண்ணிக்கை ஏறியது. வர்த்தமானி அசையவில்லை.

2020 டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அடுத்த வாரம் பிறந்து இருபது நாளேயான ஒரு பச்சிளம் பாலகன் எரிக்கப்பட்டான். அதன் பின் நடந்ததைத்தான் நான் மறக்கக் கூடாது என்கிறேன். பொரளை கனத்தை மயானத்தின் வாயிலில் யாரோ ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் கட்டினார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் கட்டினார். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவர்களும் தமிழர்களும் மதகுருமார்களும் வந்து கட்டினார்கள். ஒரே இரவில் அவை அகற்றப்பட்டன. மறுபடியும் கட்டினார்கள். அந்தப் படங்களைச் சமூக வலைத்தளங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோயின. வேறு ஊர்களின் வேலிகளிலும் வெள்ளைத் துணி தொங்கியது.

துணியைக் கட்டப் போனவன் தன் உடம்போடு அங்கே போனான். பொலிஸ்காரன் பார்க்கிறான் என்று தெரிந்தும் போனான். அதுதான் மஹ்ழர். வலைத்தளம் அந்த வந்து நிற்றலைப் பெருக்கியது. வந்து நிற்றலின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளவில்லை. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியிலும் ஜனாஸாக்களுக்கான கோரிக்கை ஒலித்தது. தமிழ் மக்களோடு முஸ்லிம்களும் அந்த வீதிகளில் நடந்தார்கள். பெப்ரவரி 25 ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. மார்ச் 5 இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த வாரம் அது. வர்த்தமானி வந்த வாரத்தில்தான் அன்றைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கானும் வந்துபோனார். ஆகவே எமது மகஜர்தான் வென்றது என்று மார்தட்டுபவரைக் கண்டால் நான் ஒதுங்கிக்கொள்வேன். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிந்தவர்கள் எரிந்தவர்களே.

இனி எழுத்தாளர்களாகிய எம்மிடம் வருகிறேன்.

அதே 2020 மே மாதம் எங்களில் ஒருவர், 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்ட அஹ்னாப் ஜஸீம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். தமிழ்க் கவிதைகளைத் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் சந்தேகித்தார்கள். தீவிரவாதத்துக்கு எதிராகப் பேசிய கவிதைகளே அவருக்கு எதிரான சாட்சியாக்கப்பட்டன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தக் கவிதைகளைச் சரியாக வாசித்துச் சொல்லக்கூடிய தகுதி இந்த நாட்டில் யாருக்கு இருந்தது? இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற எமக்குத்தான் இருந்தது. வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகள் குரல் எழுப்பின. கொழும்பில் சிலர் எழுப்பினார்கள். நாம் என்ன செய்தோம்? நான் ஓர் இணைய மகஜரில் ஒப்பமிட்டேன். அவ்வளவுதான். "நான் முப்பது வருடமாகத் தமிழில் எழுதுகிறவன். இக்கவிதைகளை வரிவரியாக வாசித்தேன். இவற்றின் பொருள் இன்னது" என்று இரண்டு பக்கம் எழுதி, கீழே என் முகவரியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டு ஒருவருக்கும் அனுப்பவில்லை. அந்த இரண்டு பக்கத்தை ஆயிரம் ஒப்பங்கள் ஈடு செய்யா. பயந்தேன் என்பதே உண்மை. பயத்தை மறைக்க அந்த இணைப்பு எனக்கு உதவியது. நானும் ஏதோ செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாட்டு அது.

விரல் நுனிப் போராட்டம் என்று சிரித்த மூத்தவருக்கும் இதே கேள்வி உண்டு. அவர் அதில்கூட ஒப்பமிடவில்லை. எழுபதுகளில் ஒட்டிய சுவரொட்டியைக் காட்டி இன்றைய மௌனத்தை மூடிக்கொள்ள முடியாது. இணையத்தைப் பழிப்பது எம்மில் பலருக்கு ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு மரியாதையான ஒரு காரணமாகிவிட்டது.

இப்போது எண்ணிக்கைக்காரர்களிடம். எண்ணிக்கைதான் பலம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மகஜர்த் தளத்தில் 10,000 ஒப்பம் சேர்ந்தால் அரசாங்கம் பதில் அளிக்கும். 100,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றி ஆராய்வார்கள். அங்கே எண்ணுக்கு ஒரு விதி இருக்கிறது. அப்படியிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவைக் கைவிடும்படி 2019 இல் அங்கே அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். விவாதம் நடந்தது. முடிவு மாறவில்லை. எமது பாராளுமன்றத்துக்குப் போகும் பொது மனுவுக்கோ எண்ணிக்கை முக்கியமல்ல. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் அதைக் கையில் எடுத்துச் சமர்ப்பிக்க வேண்டும். பிறகு அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். ஐம்பதாயிரம் ஒப்பம் சேர்த்துவிட்டு ஓர் உறுப்பினரின் வாசற்படியையும் மிதிக்காவிட்டால், அந்த ஐம்பதாயிரமும் வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணனியில் தூங்கும். எமது பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அதனோடு தூங்கும்.

எங்கள் மையவாடி மகஜருக்கும் இதுவே நடந்தது. மூன்று வாரத்தில் ஒப்பங்கள் ஆயிரத்தைத் தாண்டின. மருமகளுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. கட்டார், ரியாத், லண்டன் என்று எங்கெங்கோ இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒப்பமிட்டிருந்தார்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து நான், "மகள், இதை யாரிட்டக் குடுத்தீங்க?" என்று கேட்டபோது பிள்ளை மௌனமானாள். மகஜரைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் அழகாக எழுதப்பட்டிருந்தது. மேலே, 'அரசாங்கத்துக்கு' என்று மட்டும் இருந்தது. நான் பகிர்ந்தபோது அதைக் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அதை முழுதாக வாசித்திருக்கவே இல்லை.

இருவருமாக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையானவர். அச்செடுத்த தாள்களைப் புரட்டிவிட்டு நான்கு கேள்விகள் கேட்டார். எந்தக் கிராம சேவகர் பிரிவு? கரை எத்தனை மீற்றர் அரிக்கப்பட்டிருக்கிறது? பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதம் எங்கே? இந்தப் பெயர்களில் அந்தப் பிரிவில் வசிப்பவர்கள் யார் யார்? ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. ஆயிரம் பேர் ஒப்பமிட்ட மகஜரில் ஒருவரும் போய்க் கரையை அளக்கவில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரை ஒழுங்கையில் இறங்கினோம். மூன்றாவது வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். கணவர் அந்த மையவாடியில் கிடக்கிறார். 2004 சுனாமியில் போன பிள்ளைகள் இருவரும் அங்கேதான். மருமகள் கைத்தொலைபேசியை நீட்டி, "உம்மா, இதில உங்கட பேரப் போடலாம்" என்றாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அந்தப் போன்ல எனக்கு ஏலா மகள். இந்தக் கொப்பியில கைநாட்டு வெச்சா எடுப்பாங்களா?"

எடுப்பார்கள் என்றேன். அவர் பெருவிரலை மையில் தோய்க்குமுன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத ஆருட்டக் குடுக்கப் போறீங்க மகன்?"

ஆயிரம் பேர் கேட்காத கேள்வி அது. நானும் கேட்காத கேள்வி. எழுத்து வாசனையற்றவர் என்று நாம் ஒதுக்கும் ஒரு பெண், மகஜர் என்றால் என்ன என்பதைப் படித்த எம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தார். பெயரைக் கொடுக்குமுன் அது போகும் இடத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினார். அந்த வீட்டுத் திண்ணையில் எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பிறகு எல்லாவற்றையும் மாற்றினோம். கரையை நாடா வைத்து அளந்தோம். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கடிதம் வாங்கினோம். மகஜரைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் நான் எழுதினேன். நாற்பது வருட எழுத்து வாழ்வில் எனக்கு மிகக் கஷ்டமாயிருந்த ஒரு பக்கம் அதுதான். அடைமொழி ஒன்றுகூட உதவவில்லை. சிங்களச் சிறுகதைகளைத் தமிழாக்கும் நண்பர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அவர் அதைச் சிங்களத்தில் ஆக்கினார். "இத்தனை வருடத்தில் நமது பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எதையாவது கொண்டுபோகச் சொல்லி என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

இணையத்தளத்தை மூடச் சொன்னேனா? இல்லை. அதன் வேலையை மாற்றினோம். இப்போது பக்கத்தின் தலையில் யாருக்கு எழுதப்பட்டது, எந்தத் திகதி, யார் கையில் கொடுக்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்று நான்கு வரிகள் இருக்கும். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே இருக்கும். ஊரில் வசிப்பவர்களின் ஒப்பம் ஒரு பக்கம், ஊருக்கு வெளியே இருந்து ஆதரிப்பவர்களின் பெயர் இன்னொரு பக்கம். முகநூலில் 'ஒப்பமிடுங்கள், பகிருங்கள்' என்ற கூச்சலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு அதே இடத்தில் நின்று எடுத்த ஒரு படத்தை மூன்று மொழிக் குறிப்போடு போடுகிறார்கள். போன வெள்ளி நின்ற தென்னை இந்த வெள்ளி இல்லை என்பதைப் பார்ப்பவர் தாமே காண்கிறார். அந்தப் படங்களில் ஒன்றைச் சிங்கள நண்பர்கள் சிலர் பகிர்ந்தபோதுதான் ஒரு சிங்களப் பத்திரிகையின் நிருபர் தொலைபேசி எடுத்தார். ஒப்பங்களின் தொகை முன்னையதைவிடக் குறைவு. கொப்பியில் கைநாட்டுகளும் உண்டு. ஆனால் அதை ஏந்திக்கொண்டு இருபத்தேழு பேர் ஒரு பஸ்ஸில் ஏறிப் போனோம். அந்த மூதாட்டியும் வந்தார்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல் இன்னும் வரவில்லை. அடுத்த மாரி வரும். வெற்றிக் கதை சொல்லி உங்களை நம்பவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது எங்கள் மகஜர் ஒரு கோவையில் இலக்கத்தோடு இருக்கிறது என்பதும், அந்த இலக்கத்தைச் சொல்லி மாதம் ஒருமுறை கேட்கிறோம் என்பதும் மட்டுமே நிச்சயம்.

பெயரைப் போடப் பயமாயிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. ஒரு முகநூல் பதிவுக்காக மாதக்கணக்கில் மறியலில் கிடந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நிறைவேறியது. பயப்படக் காரணம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: வாசிக்காத ஒன்றுக்குப் பெயரைக் கொடுக்காதீர்கள். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத தளத்தில் உங்கள் விபரத்தைக் கொட்டாதீர்கள். கொடுத்தால், கொடுத்த பெயருக்காக எழுந்து நில்லுங்கள். பத்துத் தடவை பாதிப் பெயரோடு ஒப்பமிடுவதைவிட ஒரு தடவை முழுப் பெயரோடு நிற்பது பாதுகாப்பானது. பக்கத்தில் இன்னும் இருபத்தாறு பேர் நிற்பார்கள்.

இளையவர்களே, தளம் அமைக்க உங்களுக்குத் தெரியும். எமக்குத் தெரியாது. அதில் நீங்கள்தான் உஸ்தாது. ஆனால் எண் ஏறுவதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மகஜரை மூன்று மொழியில் எழுதாமல் பகிராதீர்கள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஆரம்பிக்காதீர்கள்.

மூத்தவர்களே, சிரித்தது போதும். ஒரு பக்கத்தில் ஓர் ஊரின் துயரத்தைப் பிசகில்லாமல் எழுதுவது எழுத்தாளனின் வேலை. அதை நாம் விட்டுவிட்டதால்தான் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அரைகுறையாக எழுதி 'அரசாங்கத்துக்கு' என்று அனுப்புகிறார்கள். உங்கள் மஹல்லாவில் ஒரு மகஜர் எழுத வேண்டியிருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். இருந்தால் எழுதிக் கொடுங்கள். கீழே உங்கள் பெயரையும் போடுங்கள்.

நாளை சுபஹுக்குப் பிறகும் என் கைத்தொலைபேசிக்கு ஓர் இணைப்பு வரும். முதலில் முழுவதும் வாசிக்கப் போகிறேன். பிறகு அனுப்பியவரைக் கூப்பிட்டு அந்த உம்மாவின் கேள்வியைக் கேட்பேன்: இதை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்? பதில் இருந்தால் பெயரைத் தருவேன். கொடுக்கப் போகும் நாளையும் கேட்டு வைத்துக்கொள்வேன். நானும் வர வேண்டுமல்லவா.